டோக்கியோவின் தூய்மையும் நெரிசலும்: வருகையாளர் பார்வை

டோக்கியோ ஜப்பானின் தலைநகரமும் உலகின் மிகப்பெரிய மாநகரப் பகுதிகளுள் ஒன்றும் ஆகும். இங்குச் சில நாள்கள் தங்கித் திரும்பும் வெளிநாட்டினர் இந்நகரைப் பற்றி இரண்டு கருத்துகளை அடிக்கடி கூறுகின்றனர். ஒன்று, நகரம் வியப்பூட்டும் அளவுக்குத் தூய்மையாக உள்ளது. மற்றொன்று, நகரம் மிகவும் நெரிசலானது. மக்கள் குவிந்த இடத்தில் குப்பையும் குவியும் என்பது பொதுவான எண்ணம் என்பதால், இவை இரண்டும் ஒரே நகரில் இருப்பது பலருக்குப் புதிராகத் தோன்றுகிறது.

இப்புதிருக்கு "அது ஜப்பானியரின் இயல்பு" என்ற விளக்கமே பெரும்பாலும் தரப்படுகிறது. நகரின் வரலாறு இதற்கு வேறொரு விடையைத் தருகிறது. 1960களில் டோக்கியோவின் ஆறுகள் நாற்றமெடுத்தன. குப்பை மேடுகளிலிருந்து ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. இன்று காணப்படும் தூய்மையின் பெரும்பகுதி அதற்குப் பின் வந்த சட்டங்கள், பொறியியல் பணிகள், உள்ளாட்சி ஏற்பாடுகள், குடிமக்களின் போராட்டங்கள் ஆகியவற்றின் விளைவாகும்.

நகரின் அளவும் மக்கள் அடர்த்தியும்

டோக்கியோ பெருநகர ஆட்சிப் பகுதியில் சுமார் 1.4 கோடி மக்கள் வாழ்கின்றனர். இதன் பரப்பளவு ஏறத்தாழ 2,194 சதுர கிலோமீட்டர். இதனுள் நகரின் மையமாக விளங்குவது 23 சிறப்பு வட்டங்கள் ஆகும். இவ்வட்டங்களின் மொத்தப் பரப்பு சுமார் 627 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 97 இலட்சத்தை ஒட்டியது. அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 15,000க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். ஒவ்வொரு வட்டமும் தனக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரையும் மன்றத்தையும் கொண்டது. சுற்றியுள்ள கனகவா, சைதாமா, சீபா ஆகிய மாவட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் டோக்கியோ மாநகரப் பகுதியில் சுமார் 3.7 கோடி மக்கள் உள்ளனர்.

மக்கள் அடர்த்தியும் நெரிசலும் ஒன்றல்ல. அமெரிக்க உளவியலாளர் டேனியல் ஸ்டோகல்ஸ் 1972இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். ஓர் இடத்தில் எத்தனை பேர் உள்ளனர் என்பது அடர்த்தி, அதை அளக்கலாம். இடம் போதவில்லை என்று ஒருவர் உணர்வது நெரிசல்; அது மனநிலையையும் சூழலையும் பொறுத்தது. திருவிழாக் கூட்டத்தில் மகிழ்ச்சியுடன் நிற்கும் ஒருவரே, அதே அளவு கூட்டமுள்ள தொடர்வண்டியில் மூச்சு முட்டுவதாக உணரலாம். கூட்டம் எத்திசையில் நகரும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எங்கே வெளியேறலாம் என்பவை தெரிந்திருந்தால் நெரிசல் உணர்வு குறைகிறது. நடைமேடைகளில் கதவு நிற்கும் இடத்தைக் காட்டும் கோடுகள், வரிசையில் நிற்கும் பழக்கம், நிலையங்களிலுள்ள திசைப் பலகைகள் ஆகியவை டோக்கியோவில் இப்பணியைச் செய்கின்றன.

பழைய பயணிகளின் பதிவுகள்

டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 18ஆம் நூற்றாண்டிலேயே இதன் மக்கள்தொகை பத்து இலட்சத்தை எட்டியதாக மதிப்பிடப்படுகிறது. அக்காலத்தில் மனிதக் கழிவு விலைபோகும் பொருளாக இருந்தது. சுற்றுவட்டார உழவர்கள் அதைப் பணமோ காய்கறியோ கொடுத்து வாங்கி வயலுக்கு உரமாக்கினர். வரிசை வீடுகளில் கழிவை விற்கும் உரிமை வீட்டு உரிமையாளருக்கு இருந்தது. இதனால் நகரின் கழிவு ஆற்றில் கலக்காமல் பெருமளவு வெளியேறியது. பிற குப்பையைப் பொறுத்தவரை, 1655இல் அதைக் காலி மனைகளிலும் கால்வாய்களிலும் கொட்டாமல் எய்தாய் தீவுப் பகுதிக்குப் படகில் கொண்டு செல்லுமாறு ஆட்சியாளர்கள் ஆணையிட்டனர். அப்பகுதி இன்றைய கோட்டோ வட்டத்தில் உள்ளது.

அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்டு மோர்ஸ் 1877இல் ஜப்பானுக்கு வந்தார். யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்குத் தொடர்வண்டியில் செல்லும்போது ஓமோரி என்னுமிடத்தில் பழங்காலச் சிப்பி மேடு ஒன்றைக் கண்டறிந்தார். அது தொல்பழங்கால மக்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகளின் குவியலாகும். மனிதக் கழிவு வயல்களுக்குச் செல்லும் முறையைக் கவனித்த மோர்ஸ், தம் நாட்டு நகரங்களுடன் ஒப்பிட்டு அதைப் பாராட்டினார். அவருடைய நாட்குறிப்புகள் 1917இல் நூலாயின.

மோர்ஸ் வந்த மறு ஆண்டு, 1878இல், ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் ஜப்பானுக்கு வந்தார். டோக்கியோவிலிருந்து வடக்கு நோக்கி, அயல்நாட்டினர் அதிகம் செல்லாத உள்நாட்டுப் பாதையில் பயணம் செய்தார். நிக்கோ நகரில் தங்கிய வீட்டின் தூய்மையைப் புகழ்ந்த அவரே, வடபுல ஊர்களில் தெள்ளுப்பூச்சிகள், அழுக்கு, தோல் நோய்கள் ஆகியவற்றைக் கண்டு எழுதினார். இப்பயண நூல் 1880இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நாட்டைக் கண்ட இருவர் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்ததற்கு, அவர்கள் சென்ற பாதைகளும் மனத்தில் கொண்டிருந்த ஒப்பீடுகளும் காரணங்களாகும்.

கண்ணுக்குத் தெரியும் தூய்மை நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு அளிக்கவில்லை. 1879, 1886 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜப்பான் முழுவதும் வாந்திபேதி பரவி, ஒவ்வோர் ஆண்டிலும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாந்திபேதிப் பரவலின் எதிரொலியாக 1884இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் செங்கல்லால் ஆன கழிவுநீர்க் கால்வாய் கட்டும் பணி தொடங்கியது. அதன் ஒரு பகுதி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 1922இல் மிகவாஷிமா என்னுமிடத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

நாற்றமெடுத்த நகரம்: 1950, 1960கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டோக்கியோவின் மக்கள்தொகை மிக வேகமாகப் பெருகியது. பாதாளச் சாக்கடை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வேதி உரங்களின் வரவால் மனிதக் கழிவை வாங்க உழவர்கள் முன்வரவில்லை. ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் ஆறுகளில் கலந்தன. நகரின் பெயர்பெற்ற சுமிதா ஆறு கருநிறமாகி நாற்றமெடுத்தது. அந்த ஆற்றங்கரையில் நடந்துவந்த புகழ்பெற்ற வாணவேடிக்கை விழா 1960களின் தொடக்கத்தில் நின்றுபோனது. சாலைப் போக்குவரத்து நெரிசலும் ஆற்றின் மாசும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1978இல்தான் விழா மீண்டும் தொடங்கியது.

1964 அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. உலகின் கண் நகரின் மீது விழப்போகிறது என்பதால் அதற்கு முன்பே தூய்மை இயக்கம் ஒன்று நடத்தப்பட்டது. தெருவோரங்களில் இருந்த மரத்தாலும் காரையாலும் ஆன திறந்த குப்பைப் பெட்டிகள் அகற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. குறித்த நேரத்தில் வாளியை வெளியே வைத்து, வண்டி வந்து சென்றதும் எடுத்துக்கொள்ளும் முறை பரவியது. தெருவில் எச்சில் துப்புவதற்கும் சிறுநீர் கழிப்பதற்கும் எதிராகப் பரப்புரை செய்யப்பட்டது. இத்தகைய பரப்புரை அன்று தேவைப்பட்டது என்பதே, தூய்மை ஜப்பானியரின் பிறவிக் குணம் என்ற கருத்தை மறுப்பதாக உள்ளது.

ஒலிம்பிக் நடைபெற்ற ஆண்டில் 23 வட்டங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கே பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தது. ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் இணைப்பு கிடைத்தது 1990களின் நடுப்பகுதியில்தான்.

குப்பைப் போர்

தெருவிலிருந்து அகற்றப்பட்ட குப்பை எங்கே சென்றது என்பது டோக்கியோவின் பெரிய அரசியல் சிக்கலாக மாறியது. 1957 முதல் 1967 வரை நகரின் குப்பை யுமெனோஷிமா என்ற கடலோர நிலத்தில் கொட்டப்பட்டது. அப்பெயருக்குக் 'கனவுத் தீவு' என்று பொருள். 1965ஆம் ஆண்டு கோடையில் அங்குப் பெருகிய ஈக்கள் அருகிலுள்ள கோட்டோ வட்டக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் புகுந்தன. குப்பை மேட்டின் ஒரு பகுதிக்குத் தீ வைத்து ஈக்களை ஒழிக்க வேண்டியதாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் எடோ நகரின் குப்பையை ஏற்ற அதே பகுதி, 20ஆம் நூற்றாண்டிலும் நகரம் முழுவதன் குப்பையையும் ஏற்றுக்கொண்டிருந்தது.

மறுபுறம், வசதியான குடியிருப்புகள் நிறைந்த சுகினாமி வட்டத்தில் குப்பை எரிப்பு ஆலை அமைப்பதற்கு அங்குள்ளோர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தம் வட்டத்தில் ஆலையை ஏற்க மறுப்போரின் குப்பை தம் தெருக்களின் வழியாகச் செல்வதைக் கோட்டோ மக்கள் அநீதியாகக் கருதினர். 1971 செப்டம்பரில் டோக்கியோ ஆளுநர் மினோபே ரியோகிச்சி, பெருநகர மன்றத்தில் 'குப்பைப் போர்' அறிவித்தார். 1973இல் சுகினாமியிலிருந்து வந்த குப்பை வண்டிகளைக் கோட்டோ வட்டத்தினர் வழிமறித்துத் திருப்பி அனுப்பினர். 1974இல் சமரசம் ஏற்பட்டது. சுகினாமியின் எரிப்பு ஆலை 1980களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது.

இப்போராட்டத்திலிருந்து 'ஒவ்வொரு வட்டமும் தன் குப்பைக்குத் தானே பொறுப்பு' என்ற கொள்கை வலுப்பெற்றது. எல்லா வட்டங்களிலும் ஆலை அமையவில்லை என்றாலும், 23 வட்டங்களில் இன்று இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் எரிப்பு ஆலைகள் உள்ளன. ஷிபுயா போன்ற பெயர்பெற்ற கடைவீதிப் பகுதிகளுக்கு அருகிலும் அவை இயங்குகின்றன. இகெபுகுரோ நிலையத்துக்கு அண்மையிலுள்ள தொஷிமா ஆலையின் புகைபோக்கி 210 மீட்டர் உயரமுடையது. அந்த ஆலையின் வெப்பம் பக்கத்திலுள்ள நீச்சல் குளத்துக்குப் பயன்படுகிறது. 2000ஆம் ஆண்டு முதல் குப்பை சேகரிப்பு, பெருநகர ஆட்சியிடமிருந்து வட்டங்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. யுமெனோஷிமா இன்று ஒரு பூங்கா. 2020 ஒலிம்பிக்கின் வில்வித்தைப் போட்டிகள் அங்கு நடத்தப்பட்டன.

குப்பைத்தொட்டி இல்லாத தெருக்கள்

வருகையாளருக்கு வியப்பளிக்கும் மற்றொன்று, தெருக்களில் குப்பைத்தொட்டிகள் அரிதாக இருப்பது. ஜப்பானில் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளாக அயல்நாட்டுப் பயணிகள் கூறுவனவற்றுள் இது முதன்மையானது என அந்நாட்டுச் சுற்றுலா முகமையின் ஆய்வுகள் காட்டுகின்றன.

தொட்டிகள் குறைந்ததற்குப் பாதுகாப்பு ஒரு காரணம். 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்கியோ என்ற சமயக் குழுவினர் டோக்கியோ சுரங்க இரயில்களில் சரின் என்ற நச்சு வாயுவைப் பரப்பினர். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அதன்பின் நிலையங்களிலும் பொது இடங்களிலும் தொட்டிகள் அகற்றப்பட்டன அல்லது மூடப்பட்டன. 2004இல் மாட்ரிட் தொடர்வண்டிக் குண்டுவெடிப்புக்குப் பின் மேலும் பல தொட்டிகள் நீக்கப்பட்டன. பூங்காத் தொட்டிகளில் சிலர் வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து போட்டதும் மற்றொரு காரணமாகும்.

தொட்டி இல்லாத நிலையில் குப்பையை வீட்டுக்கு எடுத்துச் செல்வது பொதுப் பழக்கமாயிற்று. தானியங்கி விற்பனை இயந்திரங்களின் அருகில் புட்டிகளுக்கும் தகரக் குவளைகளுக்கும் மட்டும் பெட்டிகள் உள்ளன. வீடுகளில் எரியும் குப்பை, எரியாத குப்பை, மறுசுழற்சிப் பொருள்கள் எனப் பிரித்து, அவற்றுக்குரிய நாள்களில் காலையில் குறித்த இடத்தில் வைக்க வேண்டும். தவறாகப் பிரிக்கப்பட்ட பையை ஊழியர்கள் எடுக்காமல், காரணம் குறித்த தாளை ஒட்டி அங்கேயே விட்டுச் செல்வதும் உண்டு. அக்கம்பக்கத்தார் அனைவரும் காணும்படி அது கிடக்கும் என்பதால் விதியை மீறுவோர் குறைவு.

பழக்கம் போதாத இடத்தில் தண்டம் விதிக்கப்பட்டது. சியோதா வட்டம் 2002இல் குறிப்பிட்ட தெருக்களில் நடந்துகொண்டே புகைபிடிப்பதைத் தடைசெய்து, மீறுவோரிடம் 2,000 யென் வசூலிக்கத் தொடங்கியது. தெருவில் புகைபிடிப்பதற்குத் தண்டம் விதித்த முதல் ஜப்பானிய உள்ளாட்சி அதுவே. பள்ளிகளில் மாணவர்கள் தம் வகுப்பறையையும் நடைக்கூடத்தையும் தாமே துப்புரவு செய்வதும் இப்பழக்கத்துக்கு அடித்தளமாக அமைகிறது.

நெரிசலின் அளவீடு

டோக்கியோ நெரிசலின் அடையாளமாக உலகெங்கும் பரவிய படம், பயணிகளைத் தொடர்வண்டிக்குள் தள்ளும் ஊழியர்களின் படமாகும். இவ்வழக்கம் 1955இல் ஷின்ஜுக்கு நிலையத்தில் மாணவர்களைப் பகுதிநேரப் பணிக்கு அமர்த்தியபோது தொடங்கியது. ஷின்ஜுக்கு உலகின் மிகப் பரபரப்பான நிலையமாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. கொரோனாப் பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 35 இலட்சம் பேர் அதைப் பயன்படுத்தினர்.

ஜப்பானிய அரசு நெரிசலை விழுக்காட்டில் அளந்து ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மிகக் கூட்டமான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் பயணம் செய்கின்றனர் என்பதை வண்டியின் கொள்ளளவுடன் ஒப்பிட்டு இது கணக்கிடப்படுகிறது. அதன் படிநிலைகள் பின்வருமாறு:

100 விழுக்காடு: எல்லோரும் இருக்கையிலோ, கைப்பிடியையோ கம்பத்தையோ பிடித்தோ பயணம் செய்யலாம்.

150 விழுக்காடு: செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம்.

180 விழுக்காடு: செய்தித்தாளை மடித்தால்தான் படிக்க முடியும்.

200 விழுக்காடு: உடல்கள் ஒன்றோடொன்று அழுந்தும்.

250 விழுக்காடு: வண்டி குலுங்கும்போது உடல் சாய்ந்துவிடும், கையைக்கூட அசைக்க முடியாது.

டோக்கியோ பகுதியின் 31 முக்கிய வழித்தடங்களின் சராசரி 1975இல் 221 விழுக்காடாக இருந்தது. 2019இல் அது 163 ஆகக் குறைந்திருந்தது. பெருந்தொற்றின்போது 2020இல் 107 ஆக வீழ்ந்து, 2023இல் மீண்டும் 136 ஆக உயர்ந்தது. புதிய சுரங்க வழித்தடங்கள், புறநகர் வண்டிகள் நேராகச் சுரங்கப் பாதைக்குள் ஓடும் ஏற்பாடு, கூடுதல் தண்டவாளங்கள் ஆகியவை பெருந்தொற்றுக்கு முந்தைய குறைவுக்குக் காரணங்களாகும். எடுத்துக்காட்டாக, ஒடாக்யூ வழித்தடத்தில் இருந்த இரு தண்டவாளங்களை நான்காக்கும் பணி பல பத்தாண்டுகள் நீடித்து 2018இல் நிறைவுற்றது.

சராசரிக்குள் பெரிய வேறுபாடுகள் மறைந்துள்ளன. தோசாய் சுரங்க வழித்தடத்தின் கிபா, மொன்சென் நகாச்சோ நிலையங்களுக்கு இடையே 2019இல் நெரிசல் 199 விழுக்காடாக இருந்தது. இதே வழித்தடத்தில் உள்ள நிஷிகசாய், தமிழர் உட்பட இந்தியர் பலர் வாழும் பகுதியாகும். அவர்களுள் மையப் பகுதி அலுவலகங்களுக்குச் செல்வோர் இந்த நெரிசலை நாள்தோறும் அறிந்தவர்கள். நெரிசல் பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்ற தீங்கையும் கொண்டுவந்தது. அதைத் தடுக்க 2000ஆம் ஆண்டின் இறுதியில் கெய்யோ வழித்தடத்தில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி சோதனை முறையில் விடப்பட்டது. பின்னர் அது பிற வழித்தடங்களுக்கும் பரவியது.

வருகையாளர் காணாதவை

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் காலை பத்து மணிக்குப் பின் வெளியே வருகின்றனர். அதற்குள் அலுவலக நேர நெரிசல் தணிந்திருக்கும். குப்பைப் பைகள் பலவும் அகற்றப்பட்டிருக்கும். விடியற்காலையில் ஷின்ஜுக்குவின் கபுகிச்சோ போன்ற உணவகத் தெருக்களில் குப்பைப் பைகள் குவிந்து கிடப்பதையும், காகங்கள் அவற்றைக் கிழிப்பதையும் காணலாம். 2001இல் டோக்கியோவில் சுமார் 36,400 காகங்கள் கணக்கிடப்பட்டன. பெருநகர ஆட்சி அவற்றைப் பிடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது; குப்பைப் பைகளின் மேல் வலை போர்த்தும் முறையும் பரவலாயிற்று.

துப்புரவுப் பணியாளர்களின் உழைப்பும் எளிதில் கண்ணில் படுவதில்லை. டோக்கியோ நிலையத்துக்கு வரும் ஷின்கான்சென் அதிவேக வண்டிகளைத் துப்புரவுக் குழுவினர் சுமார் 7 நிமிடங்களில் தூய்மைப்படுத்துவது மட்டும் விதிவிலக்காக உலகப் புகழ் பெற்றுள்ளது. கடைகளின் முன்புறத்தை அவற்றின் ஊழியர்களும், குப்பை வைக்கும் இடங்களை அக்கம்பக்கத்தாரும் துப்புரவு செய்கின்றனர்.

தெருவில் காணப்படாத குப்பை இல்லாமல் போய்விடுவதில்லை. எரித்த பின் அதன் கன அளவு சுமார் இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. மிஞ்சும் சாம்பலின் ஒரு பகுதி சிமெண்ட் தயாரிப்புக்குச் செல்கிறது. எஞ்சியது டோக்கியோ விரிகுடாவில் நிரப்பப்படுகிறது. அங்குள்ள இடம் இன்னும் சுமார் 50 ஆண்டுகளுக்குப் போதும் என மதிப்பிடப்பட்டுள்ளது.

வருகையாளரால் ஏற்படும் மாற்றம்

2024இல் ஜப்பானுக்கு சுமார் 3.69 கோடி அயல்நாட்டினர் வந்தனர். குப்பையை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஏற்பாடு, வீடு அருகில் இருப்போரை எண்ணி உருவானது. விடுதியில் தங்கி நாள் முழுவதும் தெருவில் நடக்கும் பயணிக்கு அது பொருந்துவதில்லை. இதனால் பயணிகள் அதிகம் கூடும் இடங்களில் குவளைகளும் உணவுப் பொதிகளும் வீசப்படுவதாக உள்ளூர் மக்கள் குறை கூறுகின்றனர். ஓமோதேசாண்டோ சாலையில் 2020இல், சூரிய ஆற்றலால் இயங்கிக் குப்பையை அழுத்திச் சுருக்கும் தொட்டிகள் வைக்கப்பட்டன.

ஷிபுயாவில் ஹாலோவீன் இரவுகளில் கூடும் கூட்டமும் அவர்கள் விட்டுச் செல்லும் குப்பையும் பெருஞ்சிக்கலாயின. 2019இல் அந்நாள்களில் தெருவில் மது அருந்துவதை ஷிபுயா வட்டம் தடைசெய்தது. 2024 அக்டோபர் முதல் ஆண்டு முழுவதும் இரவு நேரங்களில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. நகரைத் தூய்மையானது எனப் புகழும் வருகையாளரும் அந்தத் தூய்மையின் மீது சுமையாக அமையக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

பிற நகரங்களுக்கான பொருத்தப்பாடு

வருகையாளரின் பதிவுகள் பொய்யானவை அல்ல. அவை ஒரு குறிப்பிட்ட பாதையில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், சொந்த ஊருடன் ஒப்பிட்டுக் கண்டவை. அவற்றிலிருந்து ஒரு மக்களின் குணத்தை முடிவு செய்வதில்தான் பிழை நேர்கிறது. 1965இல் ஈக்களுடன் போராடியவர்களின் பிள்ளைகளும் பேரர்களுமே இன்றைய டோக்கியோ மக்கள்.

மக்கள் அடர்த்தி மிகுந்த நகரம் அழுக்காகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை டோக்கியோவின் வரலாறு மறுக்கிறது. குறித்த நேரத்தில் தவறாமல் வரும் குப்பை வண்டி, வீடுதோறும் கழிவுநீர் இணைப்பு, நெரிசலை அளந்து வெளியிடும் வழக்கம், ஒரு பகுதியின் குப்பையை மற்றொரு பகுதியின் மீது சுமத்தாத ஏற்பாடு ஆகியவை இந்த மாற்றத்தின் அடிப்படைகளாகும். இவற்றுள் கடைசியானது எளிதில் கிடைத்ததன்று. கோட்டோ வட்டத்தினர் குப்பை வண்டிகளின் முன் நின்று அதைப் பெற்றனர்.